எண்ணெய் எங்கிருந்து வருகிறது

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வருகிறவர்கள் மேலுமலையில் ஏறித்தான் ஆக வேண்டும். இன்றைய அகலச் சாலையில், ஏ.சி. போட்ட காரில், அது ஏற்றம் என்றே பலருக்குத் தெரியாது. 1990களில் அப்படி இல்லை. இருவழிச் சாலை. கிரானைட் கல் ஏற்றிய லாரி முன்னால் ஊர்ந்துபோகும். அதன் பின்னால் இரண்டாம் கியரில் நாமும் ஊர வேண்டும். கிருஷ்ணகிரி வெயிலில் கிளம்பிய பழைய இன்ஜினுக்கு அந்த ஏற்றம் முடிவதற்குள் எண்ணெய் தண்ணீராக இளகிவிடும். வண்டி மூக்கைத் தூக்கியபடி ஏறுவதால் சேம்பரில் இருக்கும் எண்ணெய் முழுக்க இன்ஜினின் பின்பக்கம் ஒதுங்கும். பின்பக்கம் எங்கே வழி இருக்கிறதோ அங்கே வெளியேறும்.

எங்கள் அம்பாஸடர் மார்க் டூவுக்குப் பின்பக்கம் நிறைய வழி இருந்தது.

அப்பா பட்டுக்கூடு வியாபாரி. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிராமங்களில் கூடு பிடித்து, எல்லை தாண்டி ராமநகரம் சந்தைக்குக் கொண்டுபோவார். 1973 மாடல் அம்பாஸடரை இரண்டாம் கையாக வாங்கியதும் அந்தத் தொழிலுக்காகத்தான். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் எத்தனை சாக்கு பிடிக்கும் என்று பார்த்துத்தான் விலை பேசினாராம். கூட்டுக்குள் இருக்கும் புழுவின் வாடையும் எண்ணெய் தீயும் வாடையும் கலந்த ஒரு மணம் அந்த வண்டிக்கு உண்டு. அம்மா அதில் கல்யாணத்துக்குப் போக மாட்டார். பஸ்ஸில் வருகிறேன் என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்தது சிப்காட்டில். ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அதே ஆண்டில் அசோக் லேலண்டும் இங்கே ஆலை தொடங்கியது. பின்னாலேயே டைட்டன் வந்தது. இவற்றை நம்பி நூற்றுக்கணக்கில் சின்னப் பட்டறைகளும் துணை ஆலைகளும் முளைத்தன. அப்படி ஒன்றில், இன்ஜின் பாகங்களைக் கடைந்து அனுப்பும் இடத்தில், அளவு பார்க்கும் அறையில் எனக்கு வேலை. இருபது டிகிரி குளிரில் வைத்த அறை. உள்ளே வரும் பாகத்தையும் அதே குளிருக்குப் பழகவிட்டுத்தான் தொடுவோம். ஒரு மைக்ரான் கூடினாலும் குறைந்தாலும் சிவப்புப் பெட்டி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் இந்த வண்டி, அதன் அடியில் மணல் நிரப்பிய தகரத் தட்டு. மணலை அப்பா வாராவாரம் மாற்றுவார்.

ஓசூரில் காட்டிய பட்டறைகள் எல்லாவற்றிலும் ஒரே வைத்தியம். துடைப்பார்கள். பேக்கிங் ஓரத்தில் சிலிக்கான் பேஸ்டைப் பிதுக்கிப் பூசுவார்கள். போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்குவார்கள். ஒரு வாரம் வாசல் காய்ந்திருக்கும். அடுத்த வாரம் அப்பா தகரத் தட்டை எடுத்துவருவார். "பழைய வண்டின்னா ஒழுகும் சார், ஒழுகலன்னாதான் பயப்படணும், உள்ள எண்ணெ இல்லன்னு அர்த்தம்" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிக்குத்தான் நாங்கள் பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

1998-ல் ராமநகரம் போய்வந்தால் அரை லிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்ற நிலை வந்தது. புகையும் சேர்ந்துகொண்டது. அத்திப்பள்ளி செக்போஸ்டில் ஒரு கான்ஸ்டபிள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏன் ஸ்வாமி இது, காரா, அடுப்பா?" என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டாராம். அப்பாவுக்கு அது உறைத்துவிட்டது. யாரோ சொல்லி, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பாயிடம் கொண்டுபோனோம். கோட்டை மலையின் அடிவாரத்தில் புளியமரமும் ஒரு தகரக் கொட்டகையும்தான் பட்டறை.

பாய் பானட்டைத் திறந்ததும் எதையும் தொடவில்லை. "பெரியவரே, இத கழுவாம ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அடுத்த நாள் போனால் இன்ஜின் மண்ணெண்ணெயில் குளித்து, பல வருஷம் கழித்து அதன் சொந்தப் பச்சை நிறத்தில் நின்றது. பாய் ஒரு குட்டிக்கூரா பவுடர் டப்பாவை எடுத்து, டேப்பட் கவர் ஓரம், பக்கவாட்டு மூடிகள், டைமிங் கவர், சேம்பர் விளிம்பு, கிளட்ச் ஹவுசிங் என்று ஒரு இடம் விடாமல் தட்டினார். பட்டறை முழுக்கக் குழந்தை குளித்த வாசனை. பிறகு என்னை ஓட்டச் சொல்லி, தானும் ஏறிக்கொண்டார். மேலுமலை ஏறி, சூளகிரி வரை போய்த் திரும்பினோம்.

அந்தப் பயணத்தில் பாய் முன்னால் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்புகையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏறும்போது புகை நீலமாக, ஒரே சீராக வந்தது. திரும்பி இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். கியரிலேயே வண்டி உருண்டது, புகை இல்லை. அடிவாரம் வந்ததும் "இப்ப மிதிங்க" என்றார். மிதித்தேன். பின்னால் வந்த பஸ் மறையும் அளவுக்குக் குப்பென்று ஒரு நீலப் புகை.

இதன் கணக்கு எளிது. ஏற்றத்தில் இன்ஜின் இழுவையில் இருக்கும்போது தொடர்ந்து வரும் நீலப்புகை, ரிங் தேய்ந்து எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறுகிறது என்று சொல்கிறது. இறக்கத்தில் திராட்டில் மூடியிருக்கும்போது உள்ளிழுப்புப் பாதையில் வெற்றிடம் கூடும். வால்வு கைடு தேய்ந்திருந்தால் அந்த வெற்றிடம் மேலே ராக்கர் பக்கம் இருக்கும் எண்ணெயைத் தண்டு வழியாக உறிஞ்சும். மறுபடி மிதிக்கும்போது அது மொத்தமாக எரியும். எங்கள் வண்டியில் இரண்டும் இருந்தது. டைனமோமீட்டர் வைத்துச் சோதிக்கும் ஆலைகள் நிறைந்த ஓசூரில் எங்களுக்குக் கிடைக்காத பரிசோதனை முடிவை அந்த மலைச்சாலை கொடுத்துவிட்டது.

கொட்டகைக்கு வந்ததும் பவுடரைப் பார்த்தோம். எண்ணெய் பட்ட இடத்தில் பவுடர் கறுத்துக் கோடு போட்டிருந்தது. கோட்டைக் கீழிருந்து மேலே விரலால் தொடர்ந்து போனால் பிறப்பிடம் தெரியும். சேம்பர் பேக்கிங் என்று எல்லோரும் மாற்றி மாற்றிப் போட்ட இடத்தில் ஒழுகல் அநேகமாக இல்லை. இந்த இன்ஜினின் கார்பரேட்டர் பக்கம், மேனிஃபோல்டுக்குக் கீழே, டேப்பட்டுகளை மூடும் இரண்டு தகட்டு மூடிகள் உண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட் பிடிக்கும். ஒழுகுகிறதே என்று முறுக்கினால் தகடு நடுவில் குழியும்; ஓரங்கள் தூக்கிக்கொள்ளும்; கார்க் பேக்கிங் பிழியப்பட்டு வெளியே வரும். அதாவது முறுக்க முறுக்க அதிகமாக ஒழுகும். பின் மூடியிலிருந்து வழிந்த எண்ணெய் காற்றில் பின்னோக்கி ஓடி, கிளட்ச் ஹவுசிங்கில் சேர்ந்து, பின் சீல் போய்விட்டதாக நாடகம் ஆடியிருந்தது.

பின் சீலும் யோக்கியம் இல்லை என்பது வேறு விஷயம். உண்மையில் அங்கே சீல் என்று ஒன்று கிடையாது. இந்த 1489 சி.சி. இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி வரிசையைச் சேர்ந்தது. கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் திருகு போல ஒரு மரை வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். நின்றால் தள்ளாது. மெயின் பேரிங் தேய்ந்தால் கிராங்க் கீழே உட்கார்ந்து, மரைக்கு மேலே இடைவெளி கூடிவிடும், அப்போதும் தள்ளாது. மேட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினால் சொட்டும். எங்கள் வீட்டு வாசலோ மேடு. இங்கிலாந்துக்காரர்கள் எம்.ஜி.பி. காருக்கு ஐந்து மெயின் பேரிங் இன்ஜின் செய்தபோது, 1964 கடைசியில், ரப்பர் லிப் சீலுக்கு மாறிவிட்டார்கள். நமக்கு அம்பாஸடர் தயாரான உத்தரபாராவிலிருந்து வந்தது மூன்று பேரிங்கும் மரையும்தான். வடிவமைத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளை போட்டு, அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க அதில் ஒரு ஸ்பிளிட் பின்னை ஆடும்படி தொங்கவிட்டிருந்தார்கள். வெளியே வரத்தான் போகிறது, கிளட்சில் படாமல் வரட்டும் என்று.

இதெல்லாம் அறிகுறிகள். பாய் நோய்க்கு வந்தது அதற்குப் பிறகு. இன்ஜின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்தி, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். மூடி தட்தட்டென்று துள்ளியது. என் கையையும் வைக்கச் சொன்னார். சூடான காற்று அழுத்தி அழுத்தி வந்தது. தேய்ந்த ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் எரிந்த வாயு அது. அந்த வாயு வெளியேற முன் பக்கவாட்டு மூடியிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கிப் போகும். அதைக் கழற்றி ஒரு கம்பியை விட்டோம். நுழையவில்லை. எண்ணெயும் கரியும் சேர்ந்து தார் மாதிரி அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, வெளியே போக வழி இல்லை. பேக்கிங் இருக்கும் இடமெல்லாம் வழியாகிறது. அந்த மரை வேலை செய்வதும் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாக இருந்தால்தான். "இத வுட்டுட்டு வெளிய பூசுனா எப்படி சார் நிக்கும்?" என்றார் பாய். இத்தனை வருஷமும் எண்ணெய் சொட்டும் இடத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். எதற்காக அது வெளியே வருகிறது என்று கேட்ட முதல் ஆள் இவர்.

இன்ஜினை இறக்கினோம். புளியங்கிளையில் செயின் பிளாக். ஹெட்டைத் தூக்கியதும் சிலிண்டரின் மேல்விளிம்பில் ரிங் தொடாத இடம் வரம்பாக நின்றது, நகம் தடுக்கியது. பாய் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, ரிங் மட்டும் மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும், போர் செய்யும் செலவு வேண்டாம் என்றார். அப்பா உடனே தலையாட்டினார்.

தொட்டுப் பார்த்தே எத்தனை தவ் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் மெக்கானிக்குகளைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. நகம் வரம்பைச் சொல்லும். சிலிண்டர் வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமாகிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. என் சொந்த போர் கேஜைக் கொண்டுபோயிருந்தேன். மூன்றாம் சிலிண்டரில் குறுக்காக ஒரு அளவு, நெடுக்காக ஒரு அளவு. மைக்ரானில் சொன்னதும் பாய், "நம்ம பாஷையில சொல்லுங்க சார்" என்றார். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இருபத்தைந்து மைக்ரான் சொச்சம். வகுத்துச் சொன்னேன்: ஏழு தவ் கோணல். வட்டமான ரிங்கை அதில் போட்டால் இரண்டு பக்கம் தொடும், இரண்டு பக்கம் தொடாது. பாய் கேஜை வாங்கித் தானே ஒருமுறை இறக்கி, முள் ஆடுவதைப் பார்த்தார். "போர்தான் பெரியவரே" என்று அப்பாவிடம் திரும்பினார். வாதம் அவ்வளவுதான். தான் சொன்னதை ஒரு முள்ளைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் மெக்கானிக்கை நான் அதற்கு முன்னும் பின்னும் அதிகம் பார்த்ததில்லை. இன்ஜினியர்களிலும்தான்.

முந்தைய சொந்தக்காரர் காலத்திலேயே இருபது தவ் போர் செய்திருந்தார்கள். இனி நாற்பது. அதற்கு மேல் ஸ்லீவ் போட வேண்டியதுதான். கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து பத்து குறைத்தார்கள். பேரிங்கும் பத்து அண்டர்சைஸ்.

பாகங்களுக்குப் பெங்களூர் ஜே.சி. ரோடு. பழைய சாமானைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் கவுன்டரில் வைத்தால்தான் அங்கே பேச்சு ஆரம்பிக்கும். ஒரு கடையில் கன்னடம், பக்கத்துக் கடையில் உருது, எதிர்க்கடையில் மதுரைத் தமிழ். சாமானின் பெயர் மட்டும் எல்லாக் கடையிலும் ஒன்று. மெயின் பேரிங் பெட்டியில் பைமெட்டல் என்று பெயர். அந்த நிறுவனத்துக்கு எங்கள் ஓசூரிலேயே ஓர் ஆலை உண்டு. ஆனால் ஒற்றை வண்டிக்கு ஒரு செட் வேண்டுமென்றால் எல்லை தாண்டிப் போய் ஜே.சி. ரோட்டில்தான் நிற்க வேண்டும். பிஸ்டன் கிடைத்தது, டால்பிராஸ் பேக்கிங் செட் கிடைத்தது. வால்வு கைடு மட்டும் சரியாக அமையவில்லை. கிடைத்த செட்டில் வால்வுத் தண்டு ஆடியது.

சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருந்த நண்பர் ஒருவர் ஷிஃப்ட் முடிந்த பிறகு வார்ப்பிரும்பு உருளையில் எட்டு கைடுகளைக் கடைந்து தந்தார். பகலில் அதே லேத்தில் ஒரே மாதிரி புஷ் ஆயிரக்கணக்கில் ஓடும். இரவில் எட்டே எட்டு. அதிலும் எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு இடைவெளி கொஞ்சம் கூடுதல், சூட்டில் தண்டு வீங்கும் என்பதால். நண்பர் காசு வாங்க மறுத்து, பதிலுக்கு வண்டி தயாரானதும் தன் மகள் காதுகுத்துக்கு அதில் தருமபுரி போக வேண்டும் என்றார். புழு வாடையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

பூட்டும்போதுதான் பாயின் கைவேலையைப் பார்த்தேன். செட்டில் வந்த கார்க் பேக்கிங் கடையில் கிடந்து காய்ந்து சுருங்கியிருந்தது. துளைக்குத் துளை ஒத்துவரவில்லை. இழுத்துப் பொருத்தினால் கிழியும். ஒரு அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதை ஊறப் போட்டார். டீ குடித்து வருவதற்குள் ஊதி, தன் அளவுக்கு வந்திருந்தது. குழிந்திருந்த பக்கவாட்டு மூடிகளை ஒரு தண்டவாளத் துண்டின் மேல் கவிழ்த்து மரச்சுத்தியால் தட்டி, கண்ணாடிப் பலகையில் வைத்து வெளிச்சம் வருகிறதா என்று பார்த்து, மறுபடி தட்டினார். பேக்கிங்கை மூடியில் மட்டும் ஷெல்லாக்கால் ஒட்டினார். இன்ஜின் பக்கம் கிரீஸ். போல்ட்டைச் சின்ன ஸ்பானரால், இரண்டு விரலில் பிடித்து முறுக்கி நிறுத்தினார். உதவிக்கு இருந்த பையன் பெரிய ஸ்பானரோடு வந்தபோது ஒரு முறை முறைத்தார், பையன் போய்விட்டான்.

டைமிங் கவரைப் போல்ட் இறுக்காமல் தொளதொளவென்று மாட்டி, கிராங்க் புல்லியை முதலில் ஏற்றி, கவர் தானாகவே நடுவுக்கு வந்த பிறகு இறுக்கினார். இல்லாவிட்டால் முன்சீல் ஒருபக்கமாக அமுங்கும். பின் மெயின் கேப்பில் மரையிலிருந்து திரும்பும் எண்ணெய் சேம்பருக்கு இறங்க ஒரு சின்னக் குழாய் உண்டு. அதற்குள் யாரோ எப்போதோ பிதுக்கிய சிலிக்கான் துண்டுகள் அடைத்திருந்தன. ஒழுகலை நிறுத்தப் பூசியது ஒழுகலுக்கு வழிசெய்துகொண்டிருந்திருக்கிறது. புதுப் பேரிங்கில் கிராங்க்கை உட்காரவைத்து, மரையைச் சுற்றி ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே இடைவெளி. அந்த மரைக்கு அதற்கு மேல் யாரும் உதவி செய்ய முடியாது.

புது ரிங் பழகும்வரை நிதானமாக ஓட்டினோம். எண்ணெய் அழுத்த முள் ஓட்டத்தில் ஐம்பதைத் தொட்டது. புகை நின்றது. டிப் ஸ்டிக்கில் மட்டம் ராமநகரம் போய்வந்தும் நகரவில்லை. ஆனால் காலையில் வாசலில், அந்த ஸ்பிளிட் பின்னின் நுனிக்கு நேர் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவு ஒரு பொட்டு. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு செலவு செய்தும் இதா என்று கிருஷ்ணகிரிக்கே போய்க் கேட்டார்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து எழுந்தார். "பெரியவரே, மிச்சதெல்லாம் நான் நிறுத்திட்டேன். இது இங்கிலீஷ்காரன் வுட்டது. அவன்கிட்ட கேளுங்க."

அப்பா தகரத் தட்டைக் கடைசிவரை எடுக்கவில்லை. மணலை மாற்றுவது மாதத்துக்கு ஒருமுறை ஆனது.

வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. கைடு கடைந்த நண்பரின் பட்டறையில் இன்று கணினி லேத்துகள். ஏதரின் மின்ஸ்கூட்டர் ஓசூரில் தயாராகிறது. போச்சம்பள்ளியில் 2021 முதல் ஓலாவின் ஆலை. பிஸ்டனும் ரிங்கும் இன்ஜின் எண்ணெயும் இல்லாத வாகனங்கள் இந்த மாவட்டத்திலிருந்தே நாடு முழுக்கப் போகின்றன. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. மேலுமலையில் அவை ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை உண்டு. அம்பாஸடரின் கதையும் 2014-ல் உத்தரபாராவில் முடிந்துவிட்டது.

மருமகன் இந்த வண்டியை வின்டேஜ் பதிவுக்கு மாற்றச் சொல்கிறான். ஐம்பது வருஷம் தாண்டிய வாகனங்களுக்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி. நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், பார்க்க எடுப்பாக இருக்கும், பத்து வருஷம் கவலை இல்லை என்கிறான். விதியைப் படித்துப் பார்த்தேன். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுதுபார்க்கவும் எடுத்துப் போகலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டணத்தைக் கட்டிச் சாதாரணமாகவே புதுப்பிக்கிறேன். அடுத்த மாதம் கியர் பாக்ஸின் பின் சீலைப் பார்க்க வேண்டும். அதில் நிஜமாகவே சீல் உண்டு, மாற்றினால் நிற்கும். குட்டிக்கூரா டப்பா வாங்கியாகிவிட்டது.